பழனிமலையில் சமய ஆய்வுக்கு மூலம் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலுக்கும் பழனி அடிவாரத்துக்கும் சமயம் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நீலகிரியிலிருந்து கேட்டவர்களுக்கும் நடுவில் பதில் இருக்கிறது.

சுவடின்னு சொல்றாங்க, ஆவணம்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. தேடும் இடமே வேறு என்பதால் இதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. சுவடி என்றால் கையால் எழுதிய நூல்: தலபுராணம், பூசைப் பத்ததி (பூசை முறை நூல்), திருப்புகழ், சித்தர் பாடல், மருத்துவம். படிக்கவும் ஓதவும் பிரதி எடுத்து வைத்தது. ஆவணம் என்றால் ஒரு காரியத்துக்காக எழுதியது: கோயில் கணக்கு, மானிய உத்தரவு, வழக்கு மனு, பாதிரியார் தன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம், ஞானஸ்நானப் பதிவேடு.

சுவடிகள் நூலகத்தில் தலைப்பு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஆவணங்கள் அப்படி இருக்காது. அவற்றை எந்த அலுவலகம், எந்த மடம், எந்தச் சபை எழுதியதோ அதன் பெயரில், ஆண்டு வரிசையில் கிடக்கும். “தைப்பூசம்” என்று ஒரு கோப்பு யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். தைப்பூசக் கூட்டத்துக்குப் போலீஸ் கேட்டு எழுதிய கடிதம் இருக்கும்; அன்னதானச் சத்திரத்துக்கு விட்ட நிலத்தின் கணக்கு இருக்கும். அதனால் எந்தத் தெய்வம், எந்தத் திருவிழா என்று தேடுவதை விட, அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டிய அவசியம் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது என்று கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்போ நேரா பழனி கோயில் ஆபீசுக்கே போயிடட்டுமா?

போகலாம், ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். கோயில் நிர்வாகம் பல கைகள் மாறி வந்திருக்கிறது. 1817-ல் வந்த 7-வது ஒழுங்குச் சட்டம் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடமும் கலெக்டர்களிடமும் கொடுத்தது. கிறிஸ்தவ அரசாங்கம் கோயில் நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு எழுந்ததால் 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிலிருந்து விலகிக்கொண்டது. 1863 சட்டத்துக்குப் பிறகு கமிட்டிகள், 1920-களில் அறநிலைய வாரியம், 1951 சட்டத்தோடு இன்றைய துறை என்று வரிசையாக வந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1830-ல் கோயிலில் நடந்தது உங்களுக்கு வேண்டும் என்றால் அது கலெக்டர் கடிதங்களில் இருக்கும். 1890-ல் நடந்தது அரசுக் கோப்பில் குறைவாகவும் கோர்ட் காகிதத்தில் அதிகமாகவும் இருக்கும். 1955-க்கு அறநிலையத் துறைக் கோப்பைக் கேட்க வேண்டும். உங்கள் ஆண்டு எது என்று முடிவு செய்துவிட்டால், போக வேண்டிய அலுவலகம் தானாகத் தெரிந்துவிடும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துல “பழனி”ன்னு தேடினேன். ஒண்ணுமே வரலை. இல்லைன்னு எழுதிடலாமா?

எழுதிவிடாதீர்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பழைய தொகுதிகள் மாவட்டப் பெயரில் இருக்கின்றன. நம் பகுதி 1792-ல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையோடு கம்பெனிக்கு வந்தது. அப்புறம் மதுரை மாவட்டத்துக்குள் போனது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். ஆகவே தொடக்க காலத்துக்குத் திண்டுக்கல் தொகுதிகளையும், பிறகு வந்த காலத்துக்கு மதுரைத் தொகுதிகளையும் கேட்க வேண்டும். அடுத்தது எழுத்துக்கூட்டல். வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி “புல்னி”, “பல்னி” என்றெல்லாம் பழனியை எழுதியிருக்கிறார்கள். அட்டவணையில் அத்தனை எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இனாம் பதிவேடுகள். 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் ஊர் ஊராக, வரியில்லா நிலம் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பதிந்தது. எந்தச் சாமிக்கு, யார் விட்டது, என்ன ஊழியத்துக்கு, எவ்வளவு நிலம், இப்போது அனுபவிப்பவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெரிய கோயிலோடு நின்றுவிடாமல், ஊர்க்கோடி அய்யனார், பூசாரி, மேளக்காரர், பூக்கட்டுகிறவர் வரை வந்துவிடுவார்கள். சிறு தெய்வ வழிபாட்டை ஆராய்கிறவர்களுக்கு இதைவிடச் செழிப்பான மூலம் வேறு கிடைப்பது அரிது. ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சுவடி பார்க்க எங்கே போகணும்? பழனியிலயே கிடைக்காதா?

சில மடங்களிலும் வைத்தியர் வீடுகளிலும் இருக்கின்றன. ஆனால் தனியார் வீட்டுக் கதவைத் தட்டும் முன் பொது நூலகங்களைப் பார்த்து முடியுங்கள். சென்னையில் 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் முதலிடம். கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் எழுதி வாங்கிய கைபீதுகளும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) பாளையப்பட்டு வம்சாவளிகளும் அங்கே இருக்கின்றன. அடுத்து சென்னையில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை. ஆகமமும் சைவப் பத்ததியும் வேண்டுமானால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அந்தத் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. அச்சில் வந்த காவடிப் பாட்டு, அலங்காரச் சிந்து போன்ற சின்னப் புத்தகங்களுக்கு ரோஜா முத்தையா நூலகம்.

நூலகத்தின் விளக்க அட்டவணையில் (சுவடிகளைப் பட்டியலிட்டு விளக்கும் நூல்) “பழனி” மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். திருவாவினன்குடி, வையாபுரி, சிவகிரி, தண்டாயுதபாணி என்று எல்லாப் பெயரிலும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் சுவடிப் படங்கள் இருக்கின்றன. பஸ் ஏறும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

செண்பகனூர் காப்பகம் பாதிரியார்களுக்கு மட்டும்தானா? நாங்க போனா உள்ளே விடுவாங்களா?

ஆய்வாளர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி வளாகத்தில் இயேசு சபை மதுரை மாநிலத்தின் காப்பகம் இருக்கிறது. ஆனால் அது பொது நூலகம் கிடையாது. ஒரு சபையின் சொந்தக் காப்பகம். நெறியாளரின் அறிமுகக் கடிதத்தோடு, என்ன தலைப்பு, எந்த ஆண்டுகள், எந்த ஊர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. “மதம் பற்றி எல்லாம் வேண்டும்” என்று கேட்டால் அவர்களால் எதை எடுத்துக் கொடுக்க முடியும்?

என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அவர் காலத்துக் கடிதங்களும் சபையின் ஆண்டு மடல்களும் பெரும்பாலும் மூலமாக இருப்பது ரோமில், இயேசு சபையின் தலைமைக் காப்பகத்தில். 1773-ல் சபை கலைக்கப்பட்டது, 1814-ல் மீண்டும் ஏற்கப்பட்டது, 1838-ல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். செண்பகனூரின் பலம் இந்தப் புதிய மதுரை மிஷனின் காலம்தான்.

நான் ஆராய்றது முருக வழிபாடு. மிஷன் கடிதத்துல எனக்கு என்ன இருக்கும்?

நிறைய இருக்கும். பங்குச் சாமியார் தன் ஊரில் நடந்த திருவிழாச் சண்டை, காலரா வந்தபோது அம்மனுக்கு எடுத்த விழா, யார் தேர் வடம் பிடிக்கலாம் என்ற தகராறு எல்லாவற்றையும் எழுதியிருப்பார். அவருக்கு அது இடைஞ்சல், உங்களுக்கு அது சான்று. கொடைக்கானலில் 1845 முதல் பங்களா கட்டிக் கோடையைக் கழித்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்களும் இப்படித்தான் எழுதினார்கள். அவர்களுடைய தலைமைச் சங்கத்தின் காகிதங்கள் அமெரிக்காவில் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அச்சான ஆண்டறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம்.

ஆனால் எழுதியவர் எதைத் தேடிப் போனார் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நீலகிரித் தோடர்களைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு 1603-ல் பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு எழுதிய கடிதம். மலையாளக் கரையிலிருந்து அவர் ஏறி வந்ததே, மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான். எருமைகளையும் பூசாரியையும் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். அதே சமயம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த ஒரு தேடலிலிருந்து பிறந்தவை. கண்டது எது, கேட்க விரும்பியது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் குறிப்பு எடுங்கள்.

எனக்கு லத்தீனும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. விட்டுடலாமா?

விட வேண்டாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தேதி இந்த மூன்றையும் எந்த மொழியிலும் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தை மட்டும் மொழி தெரிந்தவரிடம் படிக்கக் கொடுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டு லத்தீன் நாற்பது, ஐம்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். ஒரு வாரம் உட்கார்ந்தால் பழகும்.

நான் ஊட்டிப் பக்கம். நீலகிரிக்கு செண்பகனூர் மாதிரி ஒரே இடம் இருக்கா?

இல்லை, நாலு திசையில் சிதறிக் கிடக்கிறது. நீலகிரி முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1830-லிருந்து 1843 வரை உதகை உள்ளிட்ட மேற்குப் பகுதி மலபாரோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1868-ல் தனி நிர்வாகம் வந்தது. கூடலூர்ப் பக்கம் 1877-ல்தான் மலபாரிலிருந்து வந்து சேர்ந்தது. ஆகவே கூடலூர்க் கோயில் ஒன்றின் பழைய சங்கதிக்குக் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

படகர் பற்றி என்றால் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கம். கேத்தியில் 1846 முதல் இருந்தார்கள். அவர்களுடைய கடிதங்கள் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பழைய புகைப்படங்களை இணையத்தில் பார்க்கலாம். ஒரு சிக்கல்: கடிதங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. இன்றைய ஜெர்மன் படித்தவருக்கே அது தனிப் பயிற்சி. உதகை புனித ஸ்தேவான் ஆலயம் போன்ற ஆங்கிலிக்கன் ஆலயங்களின் பதிவேட்டு நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், சென்னை மாகாண வரிசையில் இருக்கின்றன. உள்ளூரில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகமும், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் உண்டு.

தோடர், கோத்தர், பளியர் யாருக்கும் எழுதின நூலே கிடையாதே. எதை மூலம்னு காட்டறது?

பாட்டும் சடங்கும்தான் மூலம். யார் பாடினார், எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த ஊரில், யார் பதிவு செய்தார் என்று எழுதிவைத்தால் அதுவும் சுவடிக்குச் சமமான சான்றுதான். எழுத்தில் இருப்பவை எல்லாம் வெளியாள் எழுதியவை. தோடர் பற்றி மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்டது இன்றும் அடிப்படை. மேலே சொன்ன 1603 கடிதத்தின் ஆங்கில வடிவமும் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. நம் மலையில் தாண்டிக்குடி போன்ற ஊர்களின் கல்திட்டைகளை (பழங்காலக் கல் ஈமச் சின்னங்கள்) செண்பகனூர்க் குரு ஆங்லாட் அளந்து வரைந்தார். இந்தியத் தொல்லியல் துறை அதை 1928-ல் வெளியிட்டது.

ஒரு வேண்டுகோள். சில பாட்டுகளை எல்லோர் முன்னும் பாட மாட்டார்கள், சில இடங்களுக்கு எல்லோரும் போகக்கூடாது. மந்தில் (தோடர் குடியிருப்பில்) பெரியவர்கள் வேண்டாம் என்றால் ரிக்கார்டரை மூடி வைத்துவிடுங்கள். ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த ஊருக்குக் கொடுங்கள். செய்யாமல் போனவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு அடைபடுகிறது.

ஏட்டைக் கையில கொடுத்துட்டாங்க. ஒரு வரிகூட படிக்க முடியலையே?

முதலில் எல்லோருக்கும் அப்படித்தான். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. எகர ஏகார வேறுபாடு எழுத்தில் இருக்காது. ரகரமும் காலும் (ா) ஒரே வடிவம். “கெடடது” என்று இருந்தால் அது “கெட்டது” என்றும் படிக்கலாம், “கேட்டது” என்றும் படிக்கலாம். பூசாரி வரம் கேட்டாரா, காரியம் கெட்டதா என்பதை முன்பின் வரிதான் சொல்லும்.

பழக ஒரு வழி உண்டு. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு உள்ள சுவடியை முதலில் எடுங்கள். திருப்புகழோ கந்தரலங்காரமோ ஏதாவது ஒன்று. வரி தெரிந்திருப்பதால் எழுத்து தானாகப் பிடிபடும். ஒரு கட்டு முழுக்க இப்படிப் பார்த்தபின் தெரியாத ஏட்டுக்குப் போங்கள். ஓலையைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால், மை போன கீறலும் தெரியும். கொடைக்கானலில் பனி இறங்கிவிட்டால் மதியம் இரண்டு மணிக்கே ஜன்னல் வெளிச்சம் போய்விடும். ஏடு பார்க்கிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியைப் பார்த்தா “பிரபவ வருஷம்”னு இருக்கு. எந்த வருஷம்னு எப்படித் தெரியும்?

பிரபவ என்பது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம், 1807-08 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். அதனால் இன்னொரு பிடி வேண்டும். சக ஆண்டு கொடுத்திருந்தால் 78 கூட்டுங்கள். கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825. கோயில் கணக்கில் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) இருக்கும். அதற்கு 590 கூட்ட வேண்டும். பசலி 1270 என்றால் 1860-61. எண்கள் தமிழில் இருந்தால் ௲, ௱, ௰ மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ௲௮௱௬௰௭ என்பது 1867.

தேதி பெரும்பாலும் கடைசி ஏட்டில் “எழுதி முகிந்தது” (எழுதி முடிந்தது) என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அது பிரதி எடுத்த தேதி. நூல் பிறந்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

போகர் தன் கைப்பட எழுதின மூல ஏடு எங்கே இருக்கு?

பழனி முருகனின் நவபாஷாணச் சிலையைச் செய்தவர் என்று நம்பப்படும் சித்தர் போகர். இதைக் கேட்காதவர் இல்லை. ஓலை இந்த ஊர்ச் சீதோஷ்ணத்தில் இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே அதிகம். அப்புறம் பிரதி எடுத்தாக வேண்டும். ஆகவே இன்று கையில் இருக்கும் போகர் ஏடு எதுவானாலும் பிரதியின் பிரதிதான். அவர் பெயரில் உள்ள பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

இதனால் பழனியின் நவபாஷாண நம்பிக்கையோ, மேல்மலைப் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் சொல்லப்படும் போகர் கதையோ ஆய்வுக்கு வேண்டாததாகிவிடாது. கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். போகர் எப்போது வாழ்ந்தார் என்பதற்குச் சுவடி பதில் சொல்லாது. போகரைப் பற்றி எப்போது, யார், எந்த வட்டாரத்தில் ஏடு பெயர்த்து எழுதினார்கள் என்பதற்கு நன்றாகவே பதில் சொல்லும்.

ஒரு மடத்துல செப்பேடு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. காட்டவே மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?

வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு அது உரிமைப் பத்திரம். முதல் மரியாதை, மண்டகப்படி, பூசை முறை எல்லாம் அதில்தான் நிற்கின்றன. ஆனால் அதே உரிமைக்காக ஒரு காலத்தில் வழக்கு நடந்திருந்தால், செப்பேட்டின் நகலும் மொழிபெயர்ப்பும் கோர்ட்டில் தாக்கலாகியிருக்கும். அச்சான உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் கட்சிக்காரர் பெயரைப் பிடித்துக்கொண்டு கீழ்க் கோர்ட்டுக்குப் போகலாம். இனாம் விசாரணையிலும் செப்பேட்டைக் காட்டியவர்கள் உண்டு.

நகல் கிடைத்தாலும் எழுத்தமைதியை (எழுத்தின் வடிவத்தை) கல்வெட்டு அறிந்தவரிடம் காட்டுங்கள். திருமலை நாயக்கர் காலத்துத் தேதி போட்ட செப்பேட்டின் எழுத்து நூறு ஆண்டு பிந்தியதாக இருக்கலாம். தேய்ந்துபோன பழைய பட்டயத்தைப் புதிதாக வெட்டி வைத்ததாகவும் இருக்கலாம், வழக்குக்காகச் செய்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதாகவே இருந்தாலும், எந்த மரியாதைக்காக இத்தனை பாடு பட்டார்கள் என்பது உங்களுக்கு அருமையான செய்தி.

போனில் போட்டோ எடுத்துக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், இடத்துக்கு இடம் விதி வேறு. ஃபிளாஷ் வேண்டாம். பேனாவை மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம், பென்சில் போதும். ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படமாக அதன் சுவடி எண்ணையோ கோப்பு எண்ணையோ எடுத்துவிடுங்கள். எண் இல்லாத படத்தை ஆய்வேட்டில் சான்றாகக் காட்ட முடியாது. ஊருக்குத் திரும்பியபின் எண்ணைக் கேட்டுப் போன் செய்தால் அவர்களாலும் சொல்ல முடியாது.

எங்க பாட்டி வீட்டுப் பரண்ல ஏட்டுக்கட்டு இருக்கு. மஞ்சள் தடவி வைக்கலாமா? ஆத்துல விடணும்னு சொல்றாங்களே?

ஆற்றில் விடாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றோடு போன ஏடுகளுக்குக் கணக்கே இல்லை. எண்ணெயோ மஞ்சளோ நீங்களாகத் தடவவும் வேண்டாம். நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் போடுவார்கள், ஆனால் எந்த ஏட்டுக்கு எவ்வளவு என்று தெரிந்தவர் செய்வது அது. ஒட்டியிருக்கும் ஓலைகளைப் பிரிக்காமல், கயிற்றை அவிழ்க்காமல், மென்மையான துணியால் மேல் தூசியை மட்டும் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். மேல்மலை வீடுகளில் சுவரோரம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

அப்புறம் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து வந்தது, சரஸ்வதி பூசைக்கு வைப்பார்களா, யார் கடைசியாகப் படித்தார். அதைத் தேதி போட்டு எழுதி ஏட்டோடு வையுங்கள். அறநிலையத் துறையும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கோயில் சுவடிகளைப் பதிவு செய்துவருகின்றன. வீட்டு ஏட்டுக்கு முதல் கேள்வியில் பார்த்த பிரிவினை உதவும்: நூல் என்றால் சுவடி நூலகத்துக்கும், கணக்கோ பத்திரமோ என்றால் பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கும் முதல் ஏடு, கடைசி ஏடு இரண்டின் படத்தையும் அனுப்புங்கள். படம் எடுத்துக்கொண்டு ஏட்டை உங்களிடமே திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம்; பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.